எதைச் செய்வது என்ற நோய்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளாக வகுப்பறையிலே நானும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சுவர் என்பது உடல், சித்திரம் என்பது வாழ்வு என்று விளக்கமும் கூறினேன். ஆனால் சுவரிலே வெடிப்புக் கண்ட பின்னர், அதைப் பூசுவதற்கு எந்தச் சீமெந்து சிறந்தது என்று விசாரிப்பதிலேயே மாதக் கணக்கைக் கழித்த மனிதனைப் பற்றி எந்தப் பழமொழியும் பேசவில்லை. அந்த மனிதன் நான்தான். என்னைப்போல் இன்னும் பலர் இருக்கக்கூடும் என்ற எண்ணமே இதனை எழுதத் தூண்டியது.

கிளிநொச்சியிலே, இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்காலொன்றின் அருகே எங்கள் வீடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் காணிப் பஞ்சத்தையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் தணிப்பதற்காக 1936 இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர் இது. என் தந்தையார் பின்னாளில் இங்கு காணி பெற்று வந்தவர். காடு வெட்டி, கட்டை பிடுங்கி, வரம்பு கட்டி, தண்ணீர் மாறி வாழ்ந்த அவருக்குத் தேகாப்பியாசம் என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை. பொழுது சாய்ந்து வீடு வந்தால் அவருக்கு வேண்டியிருந்தது ஒரு செம்பு தண்ணீரும் ஒரு திண்ணையுமே. அவருடைய மகனாகிய நானோ, நாற்காலியில் இருந்து கொப்பி திருத்தியவன். பள்ளிக்கு மோட்டார்ச் சயிக்கிளில் போய் வந்தவன். வயலை உழவு இயந்திரம் உழுதது. அறுவடையையும் இயந்திரம் பார்த்துக்கொண்டது. உடல் உழைப்பு எங்கள் வீட்டை விட்டு எப்போது வெளியேறியது என்பதை நாங்கள் கவனிக்கவேயில்லை.

சென்ற ஆண்டு தை மாதத்தில் அதைக் கவனிக்க நேர்ந்தது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனியின் அளவு 168 என்று வந்தது. கிளினிக்கிலே இருந்த இளம் வைத்தியர் மருந்தை எழுதினார். சோற்றைக் குறைக்கச் சொன்னார். பின்னர் நிமிர்ந்து பார்த்து, "ஐயா, கட்டாயம் உடற்பயிற்சி செய்யவேணும்" என்றார். எனக்குப் பின்னே நாற்பது பேர் வாங்கிலில் காத்திருந்தார்கள். எந்தப் பயிற்சி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெரியாததைத் தேடிப் படித்துக்கொள்ளத் தெரிந்த ஆசிரியனல்லவா நான்!

அன்றிரவே கனடாவிலிருக்கும் மகளுக்குச் செய்தி போயிற்று. மறுநாட் காலை விழித்தபோது என் கைத்தொலைபேசியில் ஆறு காணொளிகள் வந்து கிடந்தன. "அப்பா, இதிலை எது பிடிக்குதோ அதைச் செய்யுங்கோ" என்று மகள் எழுதியிருந்தாள். மருமகன் தன் பங்குக்கு மூன்று அனுப்பினார். லண்டனிலுள்ள அண்ணனின் மகன், "சித்தப்பா, இந்தச் செயலியைப் போடுங்கோ, அதுவே உங்களுக்குச் சொல்லித் தரும்" என்றான். பேரன் அதனைத் தரவேற்றிக் கொடுத்தான். அது என் வயதைக் கேட்டது, நிறையைக் கேட்டது, உயரத்தைக் கேட்டது. கடைசியில், பன்னிரண்டு திட்டங்களைக் காட்டி அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லிற்று.

அப்பொழுதுதான் என் துன்பம் தொடங்கியது.

ஒருவர் சூரிய நமஸ்காரம் ஒன்றே போதும் என்றார். அடுத்தவர், மூட்டு நோவு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது என்றார். இன்னொருவர் இருபது விநாடி துள்ளு, பத்து விநாடி நில், இப்படி எட்டுத் தடவை செய்தால் நான்கே நிமிடத்தில் காரியம் முடிந்தது என்றார். இம்முறைக்கு அடிப்படையானது ஜப்பானியரான தபாட்டா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1996 இல் வெளியிட்ட ஆய்வு என்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். அந்த ஆய்விலே பங்குபற்றியவர்கள் யாரென்று பார்த்தால், விளையாட்டிற் பழகிய இளைஞர்கள்! அறுபத்திரண்டு வயதுக் கிழவனுக்கு அங்கே இடமில்லை. றப்பர் பட்டியை இழுக்கச் சொன்னார் ஒருவர். தண்ணீர்ப் போத்தலைத் தூக்கச் சொன்னார் மற்றொருவர். காலையிலே செய்தாற்றான் பயன் என்றது ஒரு குரல். மாலையே சிறந்தது என்றது மறு குரல். சாப்பிட முன்னரா, சாப்பிட்ட பின்னரா என்பதில் ஒரு பெரும் பட்டிமன்றமே நடந்தது.

நான் இவற்றையெல்லாம் ஒழுங்காகவே ஆராய்ந்தேன். ஒரு கொப்பி எடுத்து நிரல் போட்டேன். பயிற்சியின் பெயர், நேரம், நன்மை, தீமை என்று நான்கு பிரிவு. கடைத்தெருவுக்குப் போய் யோகாசனப் பாய் ஒன்றும் வாங்கி வந்தேன். பாயை விரித்து, அதன்மேல் அமர்ந்து, அடுத்த காணொளியைப் பார்த்தேன். இரண்டு நாள் ஒன்றைச் செய்வேன். மூன்றாம் நாள் அதைவிடச் சிறந்ததொன்று கண்ணிற் படும். உடனே முன்னையதிற் குறை தோன்றும். இவ்வாறு நாற்பத்தேழு காணொளிகள் சேர்ந்தன.

என் மனைவி அதிகம் பேசாதவள். ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே, "இஞ்சாருங்கோ, பார்த்தே மெலியலாமெண்டால் நான் எப்பவோ மெலிஞ்சிருப்பன்" என்றாள். நான் கோபித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னவரிடம் கோபிப்பதைவிட எளிதான தேகாப்பியாசம் வேறெதுவும் இல்லை.

ஆனி மாதத்துப் பரிசோதனையில் 181 என்று வந்தது. மருந்தை ஒழுங்காக எடுத்திருந்தேன். சோற்றையும் ஓரளவு குறைத்திருந்தேன். பயிற்சி மட்டும் கொப்பியில் இருந்தது. வைத்தியர், "நடக்கிறனீங்களோ?" என்று கேட்டார். "அதைப்பற்றி ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்ல நா எழவில்லை.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் என் அண்ணனின் நினைவாகவே இருந்தது. அவருக்கும் இதே வருத்தம். பாத உணர்ச்சி மங்கியிருந்ததால், வயலிலே குத்திய சிறு முள்ளொன்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் ஒரு விரல் போயிற்று, பின்னர் பாதம், பின்னர் முழங்காலுக்குக் கீழே யாவும். யுத்த காலத்திலே எத்தனையோ இடப்பெயர்வுகளில் எங்கள் தாயாரைத் தாங்கிக்கொண்டு நடந்த கால் அது. ஷெல்லுக்கும் கண்ணிவெடிக்கும் தப்பிய அந்தக் கால், சமாதான காலத்திலே ஒரு முள்ளுக்குத் தோற்றது. அதன் பின் அவர் இரண்டு வருடமே இருந்தார். இதையெல்லாம் கண்ணாற் கண்டும், நான் பாயை விரித்துவைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்! அன்றிரவு முதன்முறையாக எனக்கு என்னையிட்டு வெட்கமுண்டாயிற்று.

நிற்க. அறிந்தும் நான் ஏன் செயற்படவில்லை? சோம்பல் என்று சொல்லிவிடலாம். ஆனால் சோம்பேறி நிரல் போட்டுக் கொப்பி நிரப்புவானா? இதற்கு விடை தேடியபோது, அமெரிக்காவிலே ஐயங்கார், லெப்பர் என்ற இரு உளவியலாளர்கள் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையொன்று கிடைத்தது. ஒரு பலசரக்குக் கடையிலே சுவை பார்ப்பதற்காக ஒரு சமயம் இருபத்து நான்கு வகை ஜாமும், மற்றொரு சமயம் ஆறு வகை ஜாமும் வைத்தார்கள். இருபத்து நான்கு வகையைக் கண்டு நின்றவர்களே அதிகம். ஆனால் அவ்வாறு நின்றவர்களில் நூற்றுக்கு மூவரே வாங்கினர். ஆறு வகையின் முன் நின்றவர்களிலோ நூற்றுக்கு முப்பதின்மர் வாங்கினர். எப்போதும் எல்லாவற்றிலும் இப்படி நடப்பதில்லை என்று பிற்பட்ட ஆய்வுகள் காட்டின. தனக்கு வேண்டியது இன்னதென்று தெளிவில்லாதவனுக்கும், ஒன்றோடொன்று எளிதில் ஒப்பிட முடியாத பொருள்களின் நடுவே நிற்பவனுக்குமே இந்தத் திகைப்பு மிகுதியாக உண்டாகிறதாம். என் நிலையை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது போலிருந்தது.

ஆயினும் என்னைத் திருத்தியது அந்த ஆய்வன்று. அடுத்த வளவிலே வாழும் ஒரு தம்பி.

அவருக்கு இப்பொழுது நாற்பது வயது கடந்துவிட்டது. 2009 இலே இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செட்டிகுளத்து முகாமில் இருந்த நாட்களில் அவருக்கு இயன்மருத்துவர் ஒருவர் நான்கு பயிற்சிகளைப் பேனாவாற் படம் கீறிக் கொடுத்திருந்தார். குப்புறப் படுத்துத் தொடையை நீட்டுவது, முழங்காலை நிமிர்த்தி இறுக்கிப் பிடிப்பது, காலை நேராக உயர்த்துவது, பக்கவாட்டில் உயர்த்துவது, இவ்வளவுதான். முழங்கால் மடங்கியபடி இறுகிவிட்டாலோ, தொடைத் தசை மெலிந்துவிட்டாலோ செயற்கைக் காலை அணிந்து நடப்பது அரிதாகிவிடும் என்பதே அதன் காரணம். அந்தத் தாள் மடிப்பிலே கிழிந்து, ஒட்டி, மீண்டும் கிழிந்து, இப்போது பிளாஸ்டிக் உறையொன்றினுள் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் விடியற்காலையிற் செயற்கைக் காலைப் பூட்டுவதற்கு முன்னர், அந்த நான்கையும் அவர் செய்து முடிக்கிறார். பின்னர் துவிச்சக்கர வண்டியில் ஏறி வேலைக்குப் போகிறார். 2022 இல் எரிபொருளின்றி நாங்கள் எல்லோரும் மோட்டார்ச் சயிக்கிளை மூலையிற் சாத்திவிட்டு முறையிட்டபோது, எந்த மாற்றமுமின்றிப் பயணம் செய்தவர் அவரே.

என் கொப்பியை அவரிடம் காட்டினேன். மிகுந்த மரியாதையோடு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாஸ்டர், எனக்கு ஒரு தாள்தான் தந்தவை. நாலைஞ்சு தாள் தந்திருந்தால் நானும் இப்பவும் யோசிச்சுக்கொண்டுதான் இருந்திருப்பன்."

இல்லாமையை நான் இங்கே புகழவில்லை. தெரிவு செய்ய எதுவுமற்று, போ என்ற திசைக்கெல்லாம் போய்க் கிடந்த ஆண்டுகளை அனுபவித்த வன்னி மக்கள் எவரும் அதனைப் புகழமாட்டார்கள். அன்று நாங்கள் நடந்த நடைக்கு யாரும் தேகாப்பியாசம் என்று பெயரிடவில்லை. தெரிவு கிடைத்திருப்பது ஒரு பேறுதான். ஆனால் அந்தப் பேற்றைத் தெரிவு செய்வதிலேயே செலவழித்துவிட்டால், அது இருந்தும் பயனென்ன?

எனக்கு என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. சோதனை நெருங்கும்போது கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் ஊரிலுள்ள பயிற்சிப் புத்தகங்களையெல்லாம் சேர்ப்பார்கள். யாழ்ப்பாணத்து நோட்ஸ், கொழும்பு நோட்ஸ், அயற் பள்ளிக்கூடத்து வினாத்தாள் என்று மேசை நிறைந்திருக்கும். "பிள்ளை, பத்துப் புத்தகத்திலே பத்துப் பக்கம் செய்யாதே, ஒரு புத்தகத்தை முழுவதுஞ் செய்" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அந்த வாத்தியார் ஓய்வு பெற்றதும் தன் பாடத்தை மறந்துபோனார்.

அடுத்த நாளே ஒரு தாள் எடுத்தேன். அதில் நான்கு வரிகள் மட்டும் எழுதினேன். முதலாவது, காலையிலே தேநீர் குடித்ததும் குளத்துப் பக்கமாக இருபத்தைந்து நிமிட நடை. இரண்டாவது, கை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து பத்துத் தடவை எழும்புதல். மூன்றாவது, சுவரிலே உள்ளங்கைகளை வைத்துப் பத்துத் தடவை சாய்ந்து தள்ளுதல். நான்காவது, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்றல். கீழே, "அடுத்த கிளினிக் நாள் வரையில் இதை மாற்றுவதில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். வைத்தியரிடம் காட்டினேன்; அவர் பாதங்களைச் சோதித்துப் பார்த்து, சரியென்றார். வெறுங்காலுடன் நடக்கக்கூடாது, மருந்து எடுப்பதால் சட்டைப் பையில் ஓர் இனிப்பு இருக்கவேண்டும் என்ற இரண்டையும் அவரே சேர்த்தார். நாற்பத்தேழு காணொளிகளையும் அழித்துவிடும்படி பேரனிடம் சொன்னேன்.

இந்நான்கும் உலகிலேயே சிறந்த பயிற்சிகள் என்று நான் கூற வரவில்லை. இவை போதியவை, அவ்வளவே. வளர்ந்தோருக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரையிலான நடுத்தர உழைப்பும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. அறுபத்தைந்தைக் கடந்தோர் விழாமல் நிற்கப் பழகும் பயிற்சியையும் சேர்க்கவேண்டும் என்கிறது. ஒரு நாளைக்கு இருபத்தைந்து நிமிடமென்றால் ஆறு நாளில் 150 ஆகிவிடுகிறது. அதற்கு முந்திய 2010 ஆம் ஆண்டு வழிகாட்டலிலே, ஒரே மூச்சிற் பத்து நிமிடமேனும் செய்தாற்றான் கணக்கு என்றிருந்தது. புதியதில் அந்த நிபந்தனையும் நீங்கிவிட்டது. கிணற்றடிக்கும் வயலுக்கும் நடப்பதும் இப்போது கணக்கிற் சேரும்.

என் செயலி என்னை மிகவும் வெருட்டியது பத்தாயிரம் அடிகள் என்ற எண்ணைக் காட்டித்தான். அந்த எண் எங்கிருந்து வந்ததென்று தேடியபோது சிரிப்பே வந்தது. 1964 இல் தோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன அல்லவா? அந்த உற்சாகத்தின் சூடு ஆறுமுன், 1965 இல் ஜப்பானியக் கம்பனியொன்று அடிகளை எண்ணும் கருவியொன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு இட்ட பெயரின் பொருளே "பத்தாயிரம் அடி மானி" என்பதாகும். வாயில் எளிதாக நுழையும் ஒரு வியாபாரப் பெயர், காலப்போக்கில் வைத்திய விதியைப்போல் உலகெங்கும் பரவிவிட்டது! 2019 இலே பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட முதிய பெண்களைப் பற்றி வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றிலே, நாளொன்றுக்கு ஏறத்தாழ 4400 அடி நடந்தவர்களிடையே, 2700 அடி நடந்தவர்களைவிட மரண வீதம் குறைவாக இருந்தது; 7500 அடியளவில் அந்த நன்மை மேலும் கூடாமல் நின்றுவிட்டது.

எல்லாவற்றையும்விட என் மனத்திற் பதிந்தது வேறொன்று. தசை இயங்கும்பொழுது இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சீனியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பின்னரும், இன்சுலினுக்குத் தசை நன்கு இணங்கும் நிலை ஒரு நாள் முதல் மூன்று நாள் வரையே நீடிக்கிறது. அதற்குப் பின் மெல்ல மறைகிறது. ஆகையாற்றான் நீரிழிவுள்ளவர்கள் அடுத்தடுத்து இரண்டு நாட்களுக்கு மேற் பயிற்சியை விடக்கூடாது என்கிறார்கள். இதைச் சேமித்து வைக்க முடியாது. சென்ற மாதம் ஓடிய ஓட்டம் இந்த மாதத்துச் சீனியைக் குறைக்காது. நாளை மறுநாள் தொடங்கவிருக்கும் உன்னதமான பயிற்சி இன்றைக்கு உதவாது. எது சிறந்தது என்று நான் ஐந்து மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன். என் தசையோ, இன்று ஏதாவது உண்டா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மாதங்கள் தாளின்படி நடந்தேன். முதல் இரு கிழமையும் சலிப்பே மிகுந்திருந்தது. புதிதாக ஒன்றைத் தேடுவதிலுள்ள கிளர்ச்சி, தெரிந்த ஒன்றைச் செய்வதில் இல்லை. பின்னர் வழி பழகிற்று. மருதமரங்களுக்கு அப்பால் வெளுக்கும் வானமும், வரம்பிலே தோகையை இழுத்துக்கொண்டு போகும் மயிலும், எதிரே வரும் பால்காரரின் மணியோசையும் எனக்கு நேரம் காட்டின. புரட்டாதி முடிவில் 139 என்று வந்தது. மருந்துக்கும் உணவுக்கும் அதிற் பங்குண்டு. நடைக்கும் உண்டு என்றார் வைத்தியர்.

எல்லாம் இனிதே நடந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். கார்த்திகையில் மாரி பிடித்துக்கொண்டது. வாய்க்கால் நிறைந்து ஒழுங்கையில் ஓடியது. நடை நின்றது, நடை நின்ற சாக்கில் மற்ற மூன்றும் நின்றன. ஒன்பது நாட்கள்! பத்தாம் நாள் காலை, மழையினூடே அடுத்த வளவைப் பார்த்தேன். அங்கே மாலின் கீழ், பாயிலே குப்புறப் படுத்திருந்தார் அந்தத் தம்பி. அவருடைய தாளில் மழைக்கு விடுமுறை எழுதப்படவில்லை. நானும் எழும்பிப்போய்ச் சுவரிலே கை வைத்தேன். விறாந்தையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன். தாளில் ஐந்தாவது வரியொன்று சேர்ந்தது: "மழையென்றால் விறாந்தை."

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி நிரம்பிக்கொண்டிருக்கலாம். அது தேகாப்பியாசமாக இருக்கவேண்டுமென்பதில்லை. சோதனைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது நோட்ஸ் குவியலாக இருக்கலாம். எதையும் ஆராயாமல் இறங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு கிழமை ஆராயுங்கள். உங்களை அறிந்த வைத்தியரையோ ஆசிரியரையோ கேளுங்கள். பின்னர் ஒன்றை எடுத்து, அதற்கு ஒரு தவணை குறித்து, அத்தவணை முடியும்வரை மற்றவற்றுக்குக் கதவைச் சாத்திவிடுங்கள். அதைவிடச் சிறந்தது வேறெங்கோ இருக்கும், இருக்கட்டும்.

மகள் இப்போதும் காணொளி அனுப்புகிறாள். "கிளினிக் முடியப் பார்க்கிறன், பிள்ளை" என்று பதில் எழுதுகிறேன். யோகாசனப் பாயைக் கேட்கிறீர்களா? அதிலே மனைவி மோர்மிளகாய் காயவைக்கிறாள். நான்கு வரித் தாளின் பிரதியொன்றை மட்டும் தனக்கென்று கேட்டு வாங்கி, குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

ஒவ்வொரு மாலையும் கால் கழுவியபின், விறாந்தை விளக்கின் கீழ் இருந்து, சிறு கண்ணாடியொன்றை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். கண் மங்கலாக இருந்தால் மனைவி பார்த்துச் சொல்கிறாள். முள்ளில்லை, கொப்புளமில்லை. விரல்களை ஒன்றொன்றாக எண்ணுகிறேன். பத்தும் இருக்கின்றன.